சாக்கில் போன மூலைகள்

அந்தக் காலையில் ஏழாம் வகுப்பைத் திறந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. தரையில் ஒரு தூசி இல்லை, மேசைகளின் மேல் ஒரு துணுக்கு இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் பாடவேளையில் பள்ளித் தாளாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறார். கணக்கு டீச்சர் பாடம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, அவரை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வார். டீச்சருக்கு என்னால் செய்ய முடிந்தது சுத்தம் ஒன்றுதான், அதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழேகாலுக்கு டீச்சர் வந்தார். மற்றவர்கள் எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்றுவிட்டார். முதல் மேசையைப் பார்த்தார், கடைசி மேசையைப் பார்த்தார், குனிந்து பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தார்.

"ஆயாம்மா, மேசை மேல பிள்ளைங்க வச்சிருந்த துண்டெல்லாம் எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அந்தத் துண்டுகளைப் பெருக்கி அள்ளியது நான்தான்.

மயிலாப்பூரில் உள்ள அந்தப் பெண்கள் பள்ளியில் நான் பல வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். நொச்சிக்குப்பத்திலிருந்து விடியும்போதே நடந்து வந்துவிடுவேன். கதவு திறப்பது, பெருக்குவது, துடைப்பது, டீச்சர்களுக்கு டீ வாங்கி வருவது. யாராவது கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவேன். தலையாட்டிச் சமாளிக்க முடியாத கேள்வி வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

கணக்கு டீச்சர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், தி. நகரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் பாடத்தில் காகிதத்தை வெட்டச் சொல்கிறார், வராந்தாவில் நூல் பிடிக்கச் சொல்கிறார் என்று இரண்டு மூன்று பெற்றோர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். தாளாளர் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார். நான் வந்து ஒரு பாடம் பார்க்கிறேன். வெட்டுவது கிழிப்பது எல்லாம் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும், நான் வரும்போது கணக்குதான் நடக்க வேண்டும். சரியாக இருந்தால் இருங்கள், இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஊருக்குப் போகலாம். இதை டீச்சரே என்னிடம் சொன்னார், டீ டம்ளரைத் திருப்பித் தரும்போது.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் அவர் தனியாக இருந்தார். நியூஸ்பேப்பரில் ஒரு முக்கோணம் வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் நறுக்கி எடுத்திருந்தார். ஒவ்வொரு மூலையின் நுனியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்று புள்ளிகளும் ஒரே இடத்தில் தொடும்படி மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடிப்பக்கம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக வந்து நின்றது.

"எப்படிக் கோணல்மாணலா முக்கோணம் போட்டாலும் இப்படித்தான் வரும் ஆயாம்மா. முதல்லயே சொல்லிட்டா எழுதிட்டு மறந்துருவாளுக. அவளுகளே வச்சுப் பாக்கணும்."

அதற்காகத்தான் ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பெண்களையும், வேறு யாரும் கொண்டுவராத காகிதமாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, பட்டாசுப் பெட்டி மூடி, மாத காலண்டர் என்று வந்தது. ஐந்து பேர் மறந்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு டீச்சரே ஒரே வெள்ளை சார்ட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார். எல்லோரும் தங்களுக்குத் தோன்றிய முக்கோணத்தை வெட்டி, மூலைகளை நறுக்கிப் புள்ளி வைத்தார்கள். நடுவில் மிஞ்சியது குப்பைக் கூடைக்குப் போனது. "மூலைங்க மேசை மேலயே இருக்கட்டும், சேர்த்துப் பாக்குறது நாளைக்கு. வீட்ல போயி யாரும் முயற்சி பண்ணக் கூடாது" என்று டீச்சர் சொன்னாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் சொன்ன நேரத்தில் நான் மாடியில் தரை கழுவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அந்த அறையைத் துடைத்து, ஈரம் காய்வதற்காக மின்விசிறியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் தரையெல்லாம் காகிதம். போன வாரம்தான் வராந்தாவில் கிடந்த ஒரே ஒரு துண்டுக்காகத் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "இது பள்ளிக்கூடமா, அச்சாபீஸா?" என்று கேட்டிருந்தார். விடிந்தால் அவர் வருகிறார். ஆசிரியர் அறையில் நான் பார்த்தது மூன்றே துண்டு. தரையில் கிடந்தது நூறு துண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தரையில் கிடந்ததைப் பெருக்கினேன், மேசைமேல் மிச்சம் இருந்ததையும் வழித்துப் போட்டுச் சாக்கில் கட்டினேன்.

டீச்சர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புதுசா வெட்டச் சொல்ல முடியாது. அதைத்தான் கூடாதுன்னாரு" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

பின்கட்டில் சாக்கு இல்லை.

வாசலில் வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சாக்கா? கார்ப்பரேஷன் வண்டி வந்துச்சு, தூக்கிக் குடுத்துட்டேன். ஏன், அதுல உன் நகை நட்டு எதுனா கீதா?"

"வண்டி எப்போ போச்சு?"

"இப்பத்தான் அந்தாண்ட திரும்பிச்சு. ஏ ஆயா, இன்னா ஓடுறே? செருப்ப போட்டுக்கினு போ!"

செருப்பில்லாமல்தான் ஓடினேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆள் போகும் இடுக்கில் எதிரே ஸ்கூட்டர்கள் வந்தன. பேட்டரிக் குப்பை வண்டியின் பாட்டு ஒரு சந்தில் கேட்டது, போய்ப் பார்த்தால் அங்கே இல்லை. நான் போய்க் கேட்டால் தருவார்களா, என்னவென்று சொல்லிக் கேட்பது என்று ஓடும்போதே பயம். மூன்றாவது சந்தில் வண்டி நின்றிருந்தது. பின்னால் இருந்த தொட்டிகளில் சோறும் இலையும் நாறின. எங்கள் வாசல் தொட்டியும் அதில் கொட்டப்பட்டிருந்தது, கூடையில் போட்ட நடுத்துண்டுகள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. என் சாக்கு மட்டும் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கியது. நல்ல காகிதம் கிடைத்தால் எடைக்குப் போட அவர்கள் அப்படித் தனியாகத்தான் மாட்டுவார்கள்.

வண்டிக்காரப் பெண் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "இன்னாக்கா இப்டி ஓடியாறே? யாருக்குன்னா எதுனா ஆயிப்போச்சா?"

"அந்தச் சாக்கு... குடும்மா."

"அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?"

"அதுல பாடம் கீது."

அவள் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே சிரித்தாள். "பாடத்தப் பெருக்கித் தள்ற ஸ்கூலு உங்குளுதுதான்க்கா."

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் படிகளில் சாக்கைக் கொட்டினேன். அப்போது ஏழே முக்கால். பிரேயர் மணி எட்டரைக்கு. டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம்தான். சொன்னால், தெரியாது என்று ஏன் சொன்னாய் என்று கேட்பார். சேர்த்து வைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன்.

கல்யாணப் பத்திரிகை மூன்று துண்டு ஒரு படி. பட்டாசுப் பெட்டி மூன்று துண்டு ஒரு படி. காலண்டர் இரண்டு பேருடையது, ஆனால் ஒன்றில் பெருமாள், ஒன்றில் முருகர். வேறு யாரும் கொண்டுவராததைக் கொண்டுவரச் சொன்ன புண்ணியத்தில் இருபத்தேழு பேருடையது மளமளவென்று பிரிந்துவிட்டது. கடைசியில் வெள்ளை மிஞ்சியது. ஐந்து பேர், பதினைந்து மூலை, எல்லாம் ஒரே காகிதம். எது யாருடையது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை, பென்சில் புள்ளியைத் தவிர.

வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா ஆயா, காலங்காத்தால சீட்டு ஆடிக்கினு கீறே?"

டீச்சர் செய்தது ஞாபகம் வந்தது. மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் தொட வேண்டும், அடியில் நேராக வர வேண்டும். ஒரே முக்கோணத்தின் மூலைகள் என்றால் வரும் என்றார். வராவிட்டால் அவை ஒரு முக்கோணத்தைச் சேர்ந்தவை இல்லை என்றுதானே அர்த்தம்? படியின் ஓரம் சிமெண்டுப் பூச்சில் நேராக இருந்தது. அதன்மேல் மூன்று துண்டை வைத்துப் பார்த்தேன். ஒன்று ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. மாற்றினேன். இப்போது படிக்கும் துண்டுக்கும் நடுவில் இடைவெளி.

துண்டுகள் வழுக்கி வழுக்கி நகர்ந்தன. காற்று வேறு அடித்தது. வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ, காற்று வரும் பக்கம் வந்து பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மூன்று தடவை தப்பாக வைத்த பிறகு ஒன்று பிடிபட்டது. விசிறி மாதிரி அகலமாக விரிந்த மூலைகள் நாலு இருந்தன. அந்த மாதிரி இரண்டைச் சேர்த்தாலே படியின் ஓரத்தைத் தாண்டிவிட்டது, மூன்றாவதற்கு இடமே இல்லை. அப்படியென்றால் அவை ஒன்றோடொன்று சேராதவை. ஒவ்வொன்றுக்கும் ஒல்லியான இரண்டு தேட வேண்டும். தேடினேன். ஒன்று நேராக வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தது. நாலாவது கொஞ்சம் இடித்தது. ஒரு துண்டின் விளிம்பு இன்னொன்றின்மேல் ஏறினாற்போல் இருந்தது. விரலால் அழுத்தி, நேராகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிஞ்சிய மூன்றையும் வைத்தேன். அது வாயைத் திறந்துகொண்டு நின்றது. கறிவேப்பிலை அளவுக்கு ஒரு இடைவெளி. எப்படித் திருப்பினாலும் மூடவில்லை.

"ஆயா, எட்டரை. மணி அடிக்கணும்" என்றார் வாட்ச்மேன். "ரெண்டு நிமிசம் தள்ளி அடிக்கவா?"

"வோணாம். உன் வேலைக்கு எதுனா வந்துரும்."

மணி அடித்தது. பிள்ளைகளும் டீச்சர்களும் பிரேயருக்கு வரிசையில் நின்ற நேரத்தில் நான் முறத்தில் துண்டுகளை ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் போனேன். எந்தக் காகிதம் எந்தப் பெண்ணுடையது என்று எனக்குத் தெரியாது. மேசைக்கு மேசை மும்மூன்றாக வைத்துக்கொண்டே போனேன். வாய் திறந்த அந்த மூன்றையும் ஜன்னலோர மேசையில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

டீச்சர் பிள்ளைகளோடு திரும்பி வந்து மேசைகளைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"மிஸ், இது என்னுது இல்ல. என்னுது முருகர்!"

"ஏய், பட்டாசுப் பெட்டி இங்க வந்துருச்சுடி!"

"சத்தம் போடாம அவங்கவங்களுது மாத்திக்கோங்க" என்றார் டீச்சர். குரல் லேசாக உடைந்தது. அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக் காகிதம் வைத்திருந்த ஐந்து பேரும் பக்கத்தில் கண்ணில் பட்ட வெள்ளையை எடுத்துக்கொண்டார்கள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளும் அதில் ஒருத்தி.

தாளாளர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மடியில் டைரியைத் திறந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதால் நான் கதவோரமே செம்போடு நிற்க வேண்டியிருந்தது.

டீச்சர் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "மூணு புள்ளியும் முத்தம் குடுக்கிற மாதிரி சேருங்க. என்ன தெரியுதுன்னு பக்கத்துல இருக்கிறவகிட்டகூடச் சொல்லாதீங்க" என்றார்.

எல்லோரும் மேசைமேல் குனிந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து, "உனக்குமாடி?" என்றாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. "மிஸ், நேரா வந்துச்சு!" "எனக்கும் மிஸ்!" "என்னுது ரொம்ப ஒல்லி மிஸ், அதுக்கும் வந்துச்சு!"

டீச்சர் முகம் தெளிந்துகொண்டு வந்த நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சின்னக் குரல்.

"மிஸ், எனக்கு வரல."

நான் செம்பை இறுக்கிப் பிடித்தேன்.

தாளாளர் எழுந்து ஜன்னலோரம் போனார். குனிந்து பார்த்தார். "எல்லாருக்கும் நேரா வந்துதுங்கறா. இவளுக்கு மட்டும் வாயைத் திறந்துண்டு நிக்கறதே? என்னடிம்மா, ஒழுங்கா வெட்டலையா நீ?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் பக்கத்தில் போய்த் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவருக்குப் புரியவில்லை என்று அவர் விரல்களில் தெரிந்தது. தாளாளர் டைரியில் என்னமோ எழுத ஆரம்பித்தார்.

நான் அந்தப் பள்ளியில் அதுவரைக்கும் ஒரு வகுப்புக்குள் வாயைத் திறந்ததில்லை.

"ஐயா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க."

முப்பத்திரண்டு பேரும் திரும்பினார்கள். தாளாளரும் திரும்பினார்.

"நேத்து நான்தாங்க குப்பைன்னு நெனச்சுப் பெருக்கிட்டேன். காலையில வண்டியிலேர்ந்து வாங்கியாந்து பிரிச்சு வச்சேன். வெள்ளைக் காயிதம் எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. அதுல மாறிப்போச்சுங்க."

"மாறித்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாறலன்னா நேரா வந்திருக்கணும்ங்களே."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு டீச்சரின் குரல் கேட்டது. அதில் இப்போது நடுக்கம் இல்லை.

"இவளுக்குக் குறையுது. அப்போ மீதி நாலு வெள்ளைக்காரிகள்ல ஒருத்திக்கு என்ன ஆகியிருக்கணும்?"

"கூட ஆகியிருக்கும் மிஸ்" என்றாள் ஒருத்தி.

"யாருக்கு?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாக எழுந்தாள். "எனக்குத்தான் மிஸ். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச்சு. எல்லாரும் வந்துச்சுன்னு சொன்னாங்களா... நானும் அடியில தள்ளி வச்சிட்டு வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

காலையில் படியில் உட்கார்ந்து நான் செய்ததும் அதேதான்.

இரண்டு பேருடைய ஆறு துண்டையும் டீச்சர் தரையில் போடச் சொன்னார். வகுப்பே சுற்றி உட்கார்ந்துகொண்டது. "அந்த அகலத்துக்கு ஒல்லிதான்டி சேரும்", "அந்த ஒல்லிய இங்க குடு", "உன் தலைய எடு, மறைக்குது" என்று ஒரே கூச்சல். இரண்டு மூலைகள் இடம் மாறின. இரண்டும் நேராக வந்தன.

தாளாளர் கை தட்டவில்லை. "இது நீங்க பிரிச்சு வெச்ச காகிதம், இவா சேர்த்த காகிதம்" என்றார் என்னைப் பார்த்து. சட்டைப் பையிலிருந்து ஒரு கச்சேரி அழைப்பிதழை எடுத்தார். டைரி விளிம்பை வைத்து நீளமாக, கோணலாக, முள்போல ஒரு முக்கோணம் கிழித்தார். மூன்று மூலைகளையும் கிள்ளிப் புள்ளி வைத்தார். நடுவில் மிஞ்சிய துண்டைக் கீழே போட்டார். "இதுக்கு வரதான்னு பார்க்கலாம்."

இவ்வளவு ஒல்லியான முக்கோணத்தை நான் காலையில் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தார். மூன்று மாதத்தில் அவர் தாளாளருக்கு முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பயம் இல்லை என்று தெரிந்தது.

டீச்சர் ஜன்னலோரப் பெண்ணைத்தான் சேர்க்கச் சொன்னார். அவள் சேர்த்தாள். தாளாளர் டைரியின் விளிம்பை அடியில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தார்.

போகும்போது டீச்சரிடம், "அடுத்த வருஷம் எட்டாம் கிளாஸும் சேர்த்து எடுத்துக்கோங்கோ" என்றார். என்னைத் தாண்டும்போது நின்றார். "வகுப்புல இருக்கறதை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்கோ" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் டீச்சர் தனியாக இருந்தபோது போய் நின்றேன். "காலையில தெரியாதுன்னு சொன்னேன்ல..."

"தெரியும் ஆயாம்மா. இந்த ரூம் சாவி உங்ககிட்ட மட்டும்தான இருக்கு."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீங்க அழுதுருவீங்க. உங்களப் பார்த்து நானும் அழுதுருவேன். பாடம் எடுக்கணும்லா" என்றார் ஊர்ப் பேச்சில். சிரிக்க முயற்சி செய்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாளாளர் கீழே போட்ட அழைப்பிதழ்த் துண்டு இன்னும் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"டீச்சர், இத்தப் பெருக்கலாமா?"

அவர் குனிந்து அதைப் பார்த்தார். "நடுத்துண்டுதான். பெருக்குங்க" என்றார்.